கீறல் விழாத காப்பு

ஜீப்பின் இடப்பக்கக் கதவு திறக்காமல் போன அந்தப் பதினோரு நிமிடத்தைப் பற்றி வாகனப் பராமரிப்பு அலுவலகத்தில் யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டது வேறு. வண்டியின் நிறம் விண்ணப்பத்தில் 'பச்சை' என்று இருக்கிறது, பதிவேட்டில் 'இலைப்பச்சை' என்று இருக்கிறது, இதில் எது சரி என்று கேட்டார்கள். அவள் வெளியே போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "சேறு சார்" என்றாள்.

அவள் மலையடிவாரத்துச் சுகாதார நிலையத்தின் ஜீப் ஓட்டுநர். ஒன்பது வருடமாக ஓட்டுகிறாள். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் ஜீப்பக்காதான். வேலை சிக்கலானதல்ல. செவிலியையும் மருந்துப் பெட்டியையும் மேல்குடியிருப்புக்கு ஏற்றிப் போக வேண்டும். நடக்க முடியாதவர்களைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். நடுவில் ஒரு காட்டாறு. வருடத்தில் பத்து மாதம் அதில் தண்ணீர் இருக்காது, கல் இருக்கும். அந்தக் கற்களில் ஒரு வரிசைக்குப் பல்வரிசை என்று பெயர். முன்சக்கரம் ஒரு பல்லில் ஏறி இறங்கும்போது வண்டியின் விலா அடுத்த பல்லில் போய் உட்காரும்.

அன்றைக்கு உட்கார்ந்தது இடப்பக்க விலா. கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் தகட்டு விளிம்பு இரண்டு விரல் அளவுக்கு மேலே நசுங்கி ஏறியது. உள்ளே படுத்திருந்தவர் மலைத்தேன் எடுக்கிறவர். மூச்சு வாங்கிக்கொண்டே, "மெதுவாப் போம்மா, எனக்கென்ன அவசரம்" என்றார். அவள் வேகமாகத்தான் போனாள். ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுபடுக்கையோடு நான்கு பேர் தயாராக நின்றார்கள். நோயாளியை இறக்க இடப்பக்கப் பின்கதவு ஒன்றுதான் வழி. வலப்பக்கத்தை மருந்து அலமாரி அடைத்திருந்தது, பின்பக்கத்தை ஆக்சிஜன் உருளை. நசுங்கி ஏறிய விளிம்பு கதவின் அடியைக் கவ்விக்கொண்டிருந்தது. இழுத்தார்கள். உதைத்தார்கள். யாரோ ஓடிப்போய்க் கடப்பாரை கொண்டுவந்தார். கதவு பெயர்ந்தபோது உள்ளே செவிலி மணிக்கட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பதினோரு நிமிஷம் அக்கா" என்றாள். "வாட்ச்சத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். வேற எதைப் பாக்கறதுன்னு தெரியல."

தேன்காரருக்கு அதற்குள் எந்த அவசரமும் இல்லாமல் போயிருந்தது.

ஜீப்பக்காவுக்கு அழுகை வரவில்லை. அன்று இரண்டு வேளையும் சாப்பிட்டாள், தூங்கினாள், மறுநாள் வண்டி கழுவினாள். வெகுநேரம் ஒரே பக்கமாக உட்கார்ந்து எழுந்தால் கால் இருக்கும், ஆனால் நம்முடைய காலாக இருக்காதே, அப்படித் தனக்குள் ஒரு பகுதி இருப்பதை அவள் கவனித்தாள். தட்டிப் பார்த்தாள். சத்தம் கேட்டது, வலிக்கவில்லை. சரி, இதற்கும் ஒரு சௌகரியம் உண்டு, அலுவலகம் போக இதுதான் ஏற்ற நிலை என்று பிறகு தெரிந்துகொண்டாள்.

அவளுடைய அண்ணன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, தடித்த இரும்புக் குழாய் இரண்டை வெட்டி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கால் வைத்துப் பற்றவைத்து, ஒரே மத்தியானத்தில் முடித்தான்.

"ஓரக்குழாய்" என்றான். "பாடியில மாட்டினா இது நகை. சேசிஸ்ல, அடியில ஓடற சட்டத்துல, மாட்டினாத்தான் காப்பு. கல்லு வந்து இடிச்சா வண்டியோட மொத்தக் கனத்தையும் இது வாங்கிக்கும். வாங்கிக்கிட்டு அப்படியே வழுக்கிட்டுப் போயிடும். தகட்டுல ஒண்ணும் படாது. கதவு பாட்டுக்குத் திறக்கும்."

"மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"பக்கத்துக்கு நாலு போல்ட்டு. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"ஆபீஸ்ல கேக்கணுமே."

அண்ணன் ஸ்பானரைக் கீழே வைத்தான். "அப்போ டீ ஆறிடும், குடிச்சிடு" என்றான்.

அரசு வண்டியில் அனுமதியில்லாமல் ஓர் எலுமிச்சம்பழம் கட்டினாலும் குற்றம். எனவே இரண்டு குழாய்களும் வீட்டு முற்றத்தில் சுவரோரமாகக் கிடந்தன. மூன்றாம் நாள் அண்ணி அவற்றை இரண்டு முக்காலிகளின் மேல் தூக்கி வைத்துத் துணி காயப்போட ஆரம்பித்தாள். "கொடி மாதிரித் தொய்யல. போர்வையே தாங்குது" என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள். இரண்டு பேர் தங்களுக்கும் வேண்டுமென்று அண்ணனிடம் கேட்டார்கள்.

வாகனப் பராமரிப்பு அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்குகிற எழுத்தருக்குக் கட்டம் சார் என்று பெயர். அவருக்கும் அது தெரியும், வருத்தமில்லை. கெட்டவரல்ல. கட்டத்துக்குள் வருகிற எதையும் அவர் மறுத்ததில்லை.

"ஓரக்குழாய்னெல்லாம் எழுதக் கூடாதும்மா" என்று சொல்லிக்கொண்டே 'பக்கவாட்டு அடிவிளிம்புக் காப்பு' என்று எழுதினார். "இப்போ எதுக்குன்னு சொல்லு. அழகுக்கா, வசதிக்கா, பாதுகாப்புக்கா?"

"பாதுகாப்புக்கு."

"யாருக்குப் பாதுகாப்பு? மூணு கட்டம் இருக்கு. வாகனத்துக்கு, சாலைக்கு, பொதுமக்களுக்கு."

"உள்ள இருக்கிறவங்களுக்கு சார்."

"உள்ள இருக்கிறவங்க பொதுமக்கள் இல்லையேம்மா. ஏறுற வரைக்கும் பொதுமக்கள். ஏறிட்டா சுமை. இறங்கினதும் மறுபடியும் பொதுமக்கள்."

"இறங்கலைன்னா?"

கட்டம் சார் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். "அதுக்குக் கட்டம் இல்ல" என்றார்.

அவள் வாகனத்துக்கு என்ற கட்டத்தில் குறி போட்டாள். 'காரணம்' என்ற இடத்தில் 'கதவு திறக்கவில்லை' என்று எழுதினாள். கட்டம் சார் அதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"கதவு கதவுப் பிரிவு. நீ கேக்கறது அடிவிளிம்பு. ரெண்டையும் கலந்து எழுதினா ரெண்டு பேரும் உன் காகிதத்தைத் தொட மாட்டாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." அவரே ஸ்கேல் வைத்து அந்த வரியை அடித்துவிட்டு, மேலே அழகான கையெழுத்தில் 'தோற்றப் பொலிவு குலைந்தமை' என்று எழுதினார்.

தேன்காரர் அந்தக் கோட்டுக்கு அடியில் இருந்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாளில் பதில் வந்தது. பரிசீலனை முடியும்வரை நசுங்கிய பகுதி சான்றாகக் கருதப்படும். அதைத் தட்டவோ நிமிர்த்தவோ வண்ணம் பூசவோ கூடாது. கதவைக் கயிற்றால் கட்டிவைக்கலாம். கயிற்றுக்குத் தனி விண்ணப்பம் தேவையில்லை. நோயாளியை ஏற்றக் கூடாது.

ஆகவே வண்டி கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, தடுப்பூசிப் பெட்டியை மட்டும் சுமந்து, தார்ச்சாலையில் மட்டும் ஓடியது. மேல்குடியிருப்புக்குச் செவிலி நடந்து போனாள். ஏற இரண்டரை மணி, இறங்க இரண்டு மணி. அவள் இறங்கி வந்து செருப்பைக் கழற்றும்போதெல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தான் சொன்னாள்.

"தையல்காரிக்கு ஆறு மாசம் ஆகுது அக்கா. போன தடவை மேலயே பெத்தா. குழந்தை தங்கல, அவளே பொழைச்சது பெரிய விஷயம். இந்தத் தடவை ஒம்பதாம் மாசம் பொறந்ததும் கீழே கொண்டாந்துடணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நடக்கவும் கூடாது, தூளி கட்டித் தூக்கவும் கூடாது. ரத்த அழுத்தம்."

"அவ என்ன சொல்றா?"

"ஜீப் வருமா வராதான்னு இப்பவே சொல்லுங்க, வராதுன்னா பாக்கி இருக்கற ரவிக்கையெல்லாம் தச்சுக் குடுத்துடறேன், ஒருத்தர் பேச்சும் மிச்சம் வைக்காமப் போயிடறேங்கறா. சிரிச்சுக்கிட்டேதான் சொல்றா. மெஷினை மட்டும் நிறுத்த மாட்டேங்கறா."

ஜீப்பக்காவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது ஒரு கணக்குத்தான்: ஆறு. இன்னும் மூன்று.

பரிசீலனைக் குழு கூடியது. குழு பல்வரிசையை நேரில் பார்வையிட வேண்டும் என்று முடிவானது. பார்வையிட ஜீப் வேண்டும். ஜீப் போக முடியாது, அதனால்தான் பரிசீலனையே. குழு இதைப் பற்றி மூன்று வாரம் ஆழ்ந்து யோசித்து, ஒரு தீர்வு கண்டது. சேதத்துக்குக் காரணமான பொருளை ஓட்டுநர் அலுவலகத்தில் நேரில் சமர்ப்பிக்க வேண்டும்.

"கல்லையா?" என்றான் அண்ணன்.

"கல்லைத்தான்."

"வரலைன்னு சொல்லிட்டா?"

அண்ணி துணி மடித்துக்கொண்டே, "அதுக்கும் ஒரு கட்டம் இருக்கும்" என்றாள்.

எந்தக் கல் என்பதில் சந்தேகமில்லை. அதன் உச்சியில் வண்டியின் பச்சை வண்ணம் ஒட்டியிருந்தது. அண்ணனும் தங்கையும் கடப்பாரையால் ஒரு பகல் முழுக்க நெம்பினார்கள். பல் பிடுங்குவது போலத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கதவைப் பெயர்த்த கடப்பாரைக்கும் இதே கனம்தான் என்று அவள் கை நினைத்துக்கொண்டது. அவள் நினைக்கவில்லை.

கல்லை நான்கு பேர் தூக்கி அலுவலகத்தில் வைத்தார்கள். அதற்கு எண் கொடுத்தார்கள், சீட்டுக் கட்டினார்கள். கட்டம் சார் அவளுக்கு ரசீது எழுதிக் கொடுத்தார்: 'கல், ஒன்று. நல்ல நிலையில் பெறப்பட்டது.'

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. சேதத்துக்குக் காரணமான கல் தற்போது அலுவலகத்தின் பாதுகாப்பில் உள்ளது. காரணம் நீங்கிவிட்டபடியால் காப்பு தேவையில்லை. விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது.

அவள் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். ஒரு விநோதம், அதில் பிழையென்று சொல்ல ஒரு வரி கூட இல்லை. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக நடந்து போய்க் கிணற்றில் விழுந்திருந்தது.

"சார், அங்க வேற கல்லும் இருக்கு."

"எத்தனை?" என்றார் கட்டம் சார், பேனாவைத் திறந்துகொண்டு.

மறுபடியும் ஆற்றுக்குப் போனாள். செவிலி குறிப்பெடுத்தாள், அவள் கல்லுக்குக் கல் சுண்ணாம்பால் எண் போட்டாள். நாற்பத்தாறு. பட்டியலில் ஒவ்வொரு கல்லுக்கும் நீளம், உயரம், 'நோக்கம்' என்று மூன்று பத்திகள். நோக்கம் என்ற இடத்தில் செவிலி நாற்பத்தாறு முறை 'கிடப்பது' என்று எழுதினாள். நாற்பத்தாறையும் வைக்க அலுவலகத்தில் இடம் இல்லை. இந்த ஒரு காரணத்தால் விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

தையல்காரிக்கு அப்போது எட்டு மாதம் முடிய ஒரு வாரம்.

காப்பு பொருத்துவதை விழாவாக நடத்த வேண்டுமென்று தலைவர் விரும்பினார். வாகனப் பராமரிப்புக்கு மாவட்ட அளவில் தலைவர் அவர். மென்மையான குரல், சுத்தமான கைகள். அண்ணன் செய்த குழாய்களை அண்ணியின் போர்வைக்கு அடியிலிருந்து எடுத்துப்போய், உரசித் தேய்த்து, பளபளவென்று கறுப்பு வண்ணம் அடித்திருந்தார்கள். முகம் பார்த்துத் தலைவாரலாம். விளிம்பைத் தட்டி நிமிர்த்தினார்கள். கதவின் கயிற்றை அவிழ்த்தார்கள். அண்ணன் எட்டு போல்ட்டையும் முடுக்கினான். பிறகு ஒவ்வொரு குழாய்க்கும் குறுக்கே சிவப்பு நாடா கட்டினார்கள். பந்தலுக்கு அடியில் இருபது நாற்காலி. தலைவர் பேசினார்.

"நம்ம துறைக்கு ஒரு பெருமை உண்டு. இந்த இருபத்தாறு வருஷத்துல, ஷெட்டுக்குள்ள நின்னுக்கிட்டிருந்த ஒரு வண்டிக்குக்கூட விபத்து நடந்ததில்ல." கைதட்டினார்கள். "வெளியில இருக்கறவங்க கேக்கறாங்க, வண்டி எதுக்கு, ஓடறதுக்குத்தானேன்னு. நான் பணிவோட ஒண்ணு சொல்றேன். ஒரு வண்டிக்கு வர்ற முதல் சேதமே அது ஓடறதுதான். அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நாம ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அவசரப்படாம, நிதானமா, ஒரு தாயோட அக்கறையில பாக்கறோம். இந்தச் சகோதரி நம்மகிட்ட வந்தப்போ கையில என்ன இருந்தது? ஒரு கோரிக்கை. இன்னிக்கு என்ன இருக்கு? ஒரு கோப்பு! நூத்திப் பன்னிரண்டு பக்கம்!"

மறுபடியும் கைதட்டல். செவிலி அவள் காதருகே குனிந்து, "நூத்திப் பன்னிரண்டுல தேன்காரர் எந்தப் பக்கம் அக்கா?" என்றாள்.

"அந்த வரியை அடிச்சிட்டாங்க."

தலைவர் கத்தரிக்கோலை வாங்கி நாடாவை வெட்டினார். நாடா குழாயை ஒட்டி இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. கத்தரிக்கோல் நாடாவைத் தாண்டிக் கறுப்பு வண்ணத்தில் ஒரு சுண்டுவிரல் நீளத்துக்குக் கீறியது.

தலைவர் குனிந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது, உண்மையிலேயே வருந்தினார்.

"கீறல்" என்றார்.

"வண்டி இன்னும் நகரவே இல்லையே சார்" என்றாள் அவள்.

"அதுதான் கவலையா இருக்கு. நகர்றதுக்கு முன்னாடியே இப்படின்னா?"

கட்டம் சார் அங்கேயே ஒரு புதிய பதிவேட்டைத் திறந்து எழுதினார்: 'கீறல் எண் ஒன்று. நின்ற நிலையில் ஏற்பட்டது. ஓட்டுநர் அருகில் இருந்தார்.'

மறுநாள் காலையில் சுற்றறிக்கை வந்தது. பக்கவாட்டு அடிவிளிம்புக் காப்பு துறையின் சொத்து. அதில் ஏற்படும் ஒவ்வொரு கீறலுக்கும் ஓட்டுநர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். கீறல் ஏற்பட வாய்ப்புள்ள பாதைகளில் வண்டியை எடுத்துச் செல்லக் கூடாது. நிற்கும் நேரத்தில் காப்புக்குப் பஞ்சு வைத்துத் தைத்த உறை போட வேண்டும். உறையும் கூடவே வந்திருந்தது. உறை அழுக்காகாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாளும் வந்திருந்தது.

அவளும் செவிலியும் தலைவரின் அறைக்குப் போனார்கள். மேசையில் கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் துணி, துணிக்கு மேல் இன்னொரு கண்ணாடி.

"சார், கல்லு மேல போறதுக்குத்தானே இதை மாட்டினோம்?" என்றாள் செவிலி. அவளுக்கு இன்னும் குரல் நடுங்கும், சின்னப் பெண்.

"போகலாமே. யார் வேண்டாம்னது? கல்லு மேல போகலாம். கல்லு மேல படக் கூடாது."

"மேல ஒரு பொண்ணு இருக்கா சார். ஒம்பதாம் மாசம் பொறந்துடுச்சு."

"வாழ்த்துகள்" என்றார் தலைவர். மனதாரச் சொன்னார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து செவிலி அழுதாள். ஜீப்பக்கா பக்கத்தில் நின்று அதைப் பார்த்தாள். பொறாமையாகக்கூட இருந்தது. இவ்வளவு சுலபமாக இவளுக்கு வருகிறதே என்றிருந்தது. கைக்குட்டையைக் கொடுத்தாள். "நாளைக்கு மேல போ. அவகூடவே இரு. ஏதாவதுன்னா அந்த சிக்னல் கிடைக்கிற பாறை மேல ஏறிப் போன் பண்ணு" என்றாள்.

ஆறு நாள் கழித்துக் காலை எட்டரை மணிக்குப் போன் வந்தது.

"அக்கா, தலை சுத்துது, கண்ணு மங்குதுங்கறா. கால் வீங்கியிருக்கு. வலி இன்னும் வரல. வர்றதுக்குள்ள—" பாறை மேல் காற்று மீதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

முடிவெடுத்ததாக அவளுக்கு நினைவில்லை. கை பிளாஸ்டிக் தாளை உருவியது. உறையின் முடிச்சுகளை அவிழ்த்தது. பஞ்சு உறைகள் இரண்டையும் பின்னால் படுக்கைமேல் விரித்தாள், நல்ல மெத்தையாக இருந்தன. சாவியைத் திருப்பினாள். சுகாதார நிலையக் காவலாளி ஓடிவந்து, "அக்கா, உறை போடலையா?" என்றார்.

"போட்டிருக்கேன். உள்ள."

போகும்போது பல்வரிசை காலி வண்டியை இரண்டு இடத்தில் மட்டும் தொட்டது. திரும்பும்போது படுக்கையில் தையல்காரி இருந்தாள், பக்கத்தில் செவிலி, கால்மாட்டில் ஒரு துணி மூட்டை. மூட்டையில் என்ன என்று கேட்டதற்கு, "பாக்கி ரவிக்கை. நாலு பேரோடது. கொக்கி வைக்காமப் போட்டுக்க முடியாது" என்றாள் தையல்காரி. உதடு வெளுத்திருந்தது.

முன்சக்கரம் பதினேழாம் எண் கல்லில் ஏறி இறங்கியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. பிறகு அந்தச் சத்தம் வந்தது: இரும்பு கல்லின் மேல் முழு நீளத்துக்கும் இழுபடுகிற சத்தம், பல்லைக் கூசவைக்கும் சத்தம். வண்டி ஒரு நொடி குழாயின் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்தபடியே வழுக்கியது. இறங்கியது.

"என்னக்கா அது? ஏதாவது உடையுதா?" என்றாள் தையல்காரி.

"இல்ல. வேலை செய்யுது."

பதினெட்டு. இருபத்தொன்று. இருபத்திரண்டு. சுண்ணாம்பு எண்கள் கண்ணாடியில் வந்து வந்து போயின. ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம். அவள் உடம்பு அதற்காகக் காத்திருந்து, கேட்டதும் ஒரு நூல் அளவு தளர்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுபடுக்கையோடு நின்றார்கள். நான்கு பேர், வேறு நான்கு பேர். அவள் இறங்கிச் சுற்றி வந்து இடப்பக்கப் பின்கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைச் சக்கரத்தில் ஊன்றி, முழுப் பலத்தோடு இழுத்தாள்.

கதவு திறந்தது. அவ்வளவு பலம் அதற்குத் தேவைப்படவில்லை. அவள் பின்னால் இரண்டடி தள்ளாடிப் போனாள். பிறகு முன்னால் வந்து, திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"அக்கா" என்றாள் உள்ளேயிருந்து செவிலி, மெதுவாக. "நகருங்க."

மாலை நான்கு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. தாயும் பிழைத்தாள். செவிலி ஓடிவந்து சொன்னபோது அவள் வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம் வந்ததா என்று தேடினாள். அதற்குப் பதிலாக உள்ளங்கை எரிந்தது, கைப்பிடியை இழுத்த இடத்தில் தோல் உரிந்திருந்தது. காலையிலிருந்து அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இப்போதுதான் எரிந்தது. அவள் அதை மூடாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து காப்பை அளந்தார்கள். பூதக்கண்ணாடி கொண்டுவந்திருந்தார்கள்; தேவைப்படவில்லை. கறுப்பு வண்ணம் போய் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. மொத்தம் முப்பத்தொன்பது கீறல். வண்டியின் தகட்டில் எத்தனை என்று அவர்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒன்றும் இல்லை என்று எழுத வேண்டியிருக்கும்.

விளக்கப் படிவத்தோடு அவள் கட்டம் சார் முன்னால் உட்கார்ந்தாள். சுவரோரம் கல் சீட்டோடு உட்கார்ந்திருந்தது. அதன்மேல் யாரோ குடை வைத்திருந்தார்கள்.

"கீறல் வந்த காரணம்னு இருக்கு பாரு. மூணுதான். கவனக்குறைவு, இயந்திரக் கோளாறு, இயற்கைச் சீற்றம்" என்றார் கட்டம் சார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இயற்கைச் சீற்றம்னு போட்டுடும்மா. ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

அவள் பேனாவை வாங்கினாள். மூன்று கட்டத்தையும் விட்டுவிட்டு, அவற்றுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் எழுதினாள்: 'கதவு திறந்தது.'

கட்டம் சார் காகிதத்தைத் திருப்பி வைத்துப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். ஸ்கேலை எடுத்தார். அந்த வரியை அடிக்கப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். கை தானாகப் பையை எடுத்தது.

அவர் அடிக்கவில்லை. அந்த இரண்டு சொல்லையும் சுற்றி நான்கு பக்கமும் கோடு இழுத்தார். மூலைகள் நேராக வந்தனவா என்று பார்த்தார். பக்கத்தில் சின்னதாக 'நான்கு' என்று எண் போட்டார்.

"போ" என்றார், தலை நிமிராமல்.

அதனால் அவளுக்கு வேலை போகவில்லை. உத்தரவு காப்பைப் பற்றி மட்டும் வந்தது. மேலும் சேதமாகாமல் காக்கும் பொருட்டு, பக்கவாட்டு அடிவிளிம்புக் காப்பு இரண்டும் வண்டியிலிருந்து கழற்றப்பட்டு ஆவண அறையில் வைக்கப்படும். கழற்றினார்கள். பஞ்சு உறை சுற்றி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, கல்லுக்குப் பக்கத்தில் அலமாரியில் கிடத்தினார்கள். காப்பு இல்லாதபடியால் கீறல் பற்றிய சுற்றறிக்கை இனிப் பொருந்தாது, வண்டி எந்தப் பாதையிலும் போகலாம் என்று கடைசி வரியில் இருந்தது. தலைவர் கையெழுத்து.

அன்று சாயங்காலம் அண்ணி பட்டறைக்குப் போய் அண்ணன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாளாம். "துணி காயப்போட எனக்கு ரெண்டு குழாய் வேணும். பழைய மாதிரியே. அதே நீளம், அதே கால், அதே ஓட்டை" என்றாளாம்.

இப்போது மேல்குடியிருப்புக்குப் போகிற நாட்களில் காலை ஆறு மணிக்கு ஜீப் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. அண்ணி ஈரத்துணிகளை வாரித் தோளில் போட்டுக்கொள்கிறாள். அண்ணன் குழாயை முழங்காலில் தாங்கிப் பிடிக்க, ஜீப்பக்கா வண்டிக்கு அடியில் படுத்து முடுக்குகிறாள். சாயங்காலம் கழற்றுகிறார்கள். துணி மறுபடியும் ஏறுகிறது. போர்வைகளில் அங்கங்கே கல்லின் வெள்ளைப் பொடி ஒட்டும், அண்ணி உதறிக்கொள்கிறாள்.

எட்டு போல்ட். முதல் நாள் மட்டும் அவள் மாட்டத் தொடங்கும்போதும் முடித்து எழுந்தபோதும் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு பார்ப்பதில்லை.